பதினோரு ஓடிபி: எங்கள் புது வீட்டைக் கட்டிக் கொடுத்தவர்களின் பழுதுபார்ப்பு சேவை

இந்த நிறுவனத்தின் பழுதுபார்ப்பு சேவைக்கு 2024 ஜனவரியில் நான் ஐந்து நட்சத்திரம் கொடுத்தேன். வந்த பையன்கள் மரியாதையாகப் பேசினார்கள், செருப்பை வாசலிலேயே கழற்றினார்கள், வேலை முடிந்ததும் பெருக்கிவிட்டுப் போனார்கள். அதைப் பார்த்துக் கொடுத்தது. அந்த நட்சத்திரத்தை நம்பி யாராவது அங்கே வீடு வாங்கியிருந்தால் அதில் எனக்கும் பங்கு உண்டு. அதனால் இப்போது நடந்ததை முழுசாக எழுதுகிறேன். ஒரு மனு விசாரணையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. ஆனால் பெயர் தெரியாமலேயே இது பலருக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

வீடு கூடுவாஞ்சேரியிலிருந்து உள்ளே 4 கிலோமீட்டர். ஒரே மாதிரி 42 வீடுகள், இரண்டு இரண்டாக ஒட்டிக் கட்டியவை. கீழும் மேலும் சேர்த்து 1,240 சதுர அடி. பத்திரச் செலவு உட்பட 71 லட்சம் ஆனது. அதில் 55 லட்சம் வங்கிக் கடன், மாதா மாதம் 47,000 சொச்சம் போய்க்கொண்டிருக்கிறது. நான் செங்கல்பட்டில் செவிலியர். வீட்டுக்காரர் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிறார். 2023 ஆகஸ்டில் சாவி வாங்கி, ஆவணியிலேயே பால் காய்ச்சிக் குடிவந்தோம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்திரம், பட்டா, மின் இணைப்பு எதற்கும் எங்களை அலைய விடவில்லை. வயரிங் சுத்தமான வேலை. நிலைக்கதவு தேக்கு என்றார்கள், தேக்குதான். புகார் சொல்வதற்கு ஒரு ஆப் வைத்திருக்கிறார்கள். போட்டோ எடுத்துப் போட்டால் இரண்டு நாளில் ஆள் வந்துவிடும். வேலை முடிந்ததும் நம் போனுக்கு நாலு இலக்க ஓடிபி வரும். அதைச் சொன்னால் புகார் 'முடிந்தது' என்று பச்சை நிறமாகிவிடும். அந்த நாலு இலக்கம் என்ன செய்யும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்த வருடம் தீபாவளி சமயத்தில் மேல்மாடிப் படுக்கையறையில் ஜன்னலின் வலது மேல் மூலையிலிருந்து பீம் வரைக்கும் சாய்வாக ஒரு விரிசல் கண்ணில் பட்டது. டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை அடித்தபோது அந்த விரிசல் வழியாகவே தண்ணீர் உள்ளே இறங்கி மெத்தை நனைந்தது. அதே வாரம் கீழே ஹாலின் வடக்குச் சுவர் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு ஈரம் ஏறி உப்புப் பூத்தது. ஹால் சீலிங்கில், மேல்மாடி பாத்ரூமுக்கு நேர் கீழே, தாம்பாளம் அளவுக்கு ஒரு பழுப்பு வட்டம். மூன்றையும் ஆப்பில் போட்டேன்.

ஜனவரியில் வந்து மூன்றையும் ஒரே நாளில் 'சரி' செய்தார்கள். விரிசலைத் தகட்டால் சுரண்டினார்கள், வெள்ளைப் பசையை அடைத்தார்கள், மேலே பட்டி, உப்புத்தாள், பெயிண்ட். ஒன்றரை மணி நேரம். சீலிங் வட்டத்தின் மேல் ஏதோ ஒரு சீலர், அதற்கு மேல் இரண்டு கோட் வெள்ளை. பாத்ரூம் டைல்ஸ் இடுக்குகளில் புதிதாகக் கிரவுட். ஹால் சுவரில் உப்பைத் துடைப்பத்தால் தட்டிவிட்டுப் பிரைமர், பெயிண்ட். மூன்று ஓடிபி சொன்னேன். நட்சத்திரம் கேட்டார்கள், கொடுத்தேன்.

மே மாதம் பழுப்பு வட்டம் திரும்ப வந்தது, முன்பைவிடப் பெரிதாக. ஜூனில் விரிசல், அதே கோட்டில். வார்டில் ஒரு நோயாளிக்குக் கால் சிவந்து வீங்கியிருந்தால், சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டு மேலே தேதியும் நேரமும் எழுதிவைப்போம். அடுத்த ஷிப்டில் வருபவர் அது பரவியிருக்கிறதா இல்லையா என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். அந்தப் பழக்கத்தில் விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் சின்னக் கோடு போட்டுத் தேதி எழுதினேன். வட்டத்தின் ஓரத்தையும் ஏணி போட்டுக் குறித்தேன். புகார் போட்டதும் வந்தவர்கள் முதலில் செய்த வேலை, அந்தப் பென்சில் கோடுகளை உப்புத்தாளால் தேய்த்ததுதான். அவர்கள் வேண்டுமென்று செய்யவில்லை. பட்டி பார்ப்பதற்கு முன் தேய்த்துத்தான் ஆக வேண்டும். ஆனால் நான் அதிலிருந்துதான் கவனிக்க ஆரம்பித்தேன். இந்தப் பழுதுபார்ப்பில் வீட்டுக்கு எதுவும் நடப்பதில்லை, என்னிடம் இருந்த சாட்சிதான் ஒவ்வொரு முறையும் அழிந்துபோகிறது.

பெயிண்ட் அடிக்க வந்த தம்பியிடம் கேட்டேன், உள்ளே உடைத்துப் பார்க்க மாட்டீர்களா என்று. "அக்கா, எனக்குப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்கத்தான் சொன்னாங்க. உடைச்சுப் பாக்கறது வேற டீம்" என்றார். அந்த வேற டீம் ஒருநாளும் வரவில்லை. பிறகு சைட் இன்ஜினியரிடம் பேசியபோதுதான் ஏன் என்று புரிந்தது. வீடுகளை ஒப்படைத்ததும் கொத்தனார் ஆட்கள், பிளம்பர்கள் எல்லோரும் அடுத்த சைட்டுக்குப் போய்விடுகிறார்கள். பூச்சு வேலை எடுத்த காண்ட்ராக்டரின் பில்லில் பிடித்து வைத்த பணத்தையும் ஒரு வருடம் முடிந்ததும் கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டார்களாம். பழுதுபார்ப்புக்கு என்று மிச்சம் இருப்பது இரண்டு பெயிண்டர்கள், ஒரு டைல்ஸ் ஆள். அவர்கள் கையில் இருப்பது பட்டித் தகடு. எந்தப் புகார் வந்தாலும் பட்டிதான் விழும்.

ஜூலையில் வாடிக்கையாளர் தொடர்பு மேலாளரே நேரில் வந்தார், கையில் ஒரு கேட்டலாக்கோடு. "இந்த வடக்குச் சுவருக்கு நாங்களே இலவசமா பேனல் போட்டுத் தர்றோம் மேடம், ஹாலோட லுக்கே மாறிடும்" என்றார். தேக்கு நிறத்தில் பிவிசி பேனல், தரையிலிருந்து நாலடி உயரம். இதை எழுதும்போது எனக்கு இன்னமும் மனசு வலிக்கிறது, ஏனென்றால் நான் சந்தோஷப்பட்டேன். நாத்தனார் வந்து பார்த்துவிட்டு எவ்வளவு செலவு என்று விசாரித்தார். அதற்கும் ஒரு ஓடிபி கொடுத்தேன். என் பையனின் படிப்பு மேஜையை அந்தச் சுவரை ஒட்டித்தான் போட்டோம்.

அப்பா டிசம்பர் முதல் வாரத்தில் வந்தார். அவர் மயிலத்துக்காரர், 40 வருடம் கொத்தனாராக இருந்தவர். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. தெருவெல்லாம் தண்ணீர். வடிந்த பிறகு வீட்டுக்காரர் போய் அவரை அழைத்து வந்தார். கிரகப்பிரவேசத்துக்கு வந்தபோது வீடு முழுக்க ஆட்கள், அவர் எதையும் நின்று பார்க்கவில்லை. இந்த முறை இரண்டாம் நாள் காலையில் காப்பி டம்ளரோடு ஹாலில் நின்றவர், பேனல்மேல் உள்ளங்கையை வைத்தார். விரல் முட்டியால் தட்டினார். "பாப்பா, இதுக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

சுவர்தான் அப்பா என்றேன். "சுவரு சரி. இதுல வாடை அடிக்குதே, உனக்குத் தெரியலையா?" வாடை தெரிந்துதான் இருந்தது. மழைக்காலம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் டார்ச் பிடிக்க, அப்பா ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு பேனலை நெம்பி எடுத்தார். உள்ளே சுவர் முழுக்கக் கறுப்பாகவும் பச்சையாகவும் பூசணம். பூச்சு பொக்குப் பொக்காக எழும்பி, தொட்ட இடத்தில் பெயர்ந்து விழுந்தது. பையனுக்கு அக்டோபரிலிருந்து விடாத இருமல். அதற்கு இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல என்னிடம் எந்தச் சோதனை முடிவும் இல்லை. ஆனால் ஒரு செவிலியராக இருந்துகொண்டு இருமல் மருந்து வாங்கிக் கொடுத்த நான், அவன் உட்காரும் இடத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. அன்று சாயங்காலமே மேஜையை மாடிக்கு மாற்றினோம்.

அதன் பிறகு அப்பா வீட்டை அறை அறையாகப் பார்த்தார். ஒரு ரூபாய் நாணயத்தால் பூச்சைச் சுரண்டினார், மணல் பொலபொலவென்று கொட்டியது. தண்ணீர் காட்டாத பூச்சு என்றார். பூசிய பிறகு ஒரு வாரமாவது தினமும் தண்ணீர் அடித்து நனைத்து வைத்திருந்தால்தான் சிமெண்ட் இறுகும். அவசரத்தில் அதை விட்டுவிட்டால் மேலே எவ்வளவு பெயிண்ட் அடித்தாலும் உள்ளே மணல் மணலாகவே கிடக்கும். 2021-இல் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் கையால் தேய்த்தாலே சுவர் உதிர்ந்ததைச் செய்தியில் பார்த்து, அரசு கட்டியது அப்படித்தான் இருக்கும் என்று பேசினோமே, அது நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் அந்த அளவுக்கு மோசமில்லை. ஆனால் கீழ்த்தளத்தில் இரண்டு சுவர்கள் அந்த வழியில்தான் இருந்தன.

வடக்குச் சுவரின் ஈரத்துக்குக் காரணம் சுவரிலேயே இல்லை, வெளியே இருந்தது. வரிசை முழுக்கப் பேவர் கல் பதிக்கும்போது மண்ணைக் கொட்டி மட்டத்தை உயர்த்தியிருக்கிறார்கள். பேஸ்மட்டத்துக்கு மேல் நாலு அங்குலம் மண் ஏறி நிற்கிறது. மழைத்தண்ணீர் வடிய வழியில்லாமல் சுவரோடு ஒட்டி நின்று, பூச்சு வழியாக உள்ளே ஏறுகிறது. உள்பக்கம் நூறு முறை பெயிண்ட் அடித்தாலும் அது நிற்காது. பேனல் போட்டதால் உலர வேண்டிய ஈரமும் உள்ளேயே அடைபட்டுப் போனது. இதைக் கண்டுபிடிக்க அப்பாவுக்குப் பத்து நிமிடமும் ஒரு ரசமட்டமும் போதுமாயிருந்தது. அவர்கள் ஏழு மாதத்தில் நாலு முறை அந்தச் சுவருக்கு வந்தார்கள், ஒருவர்கூட வெளியே போய்ப் பார்க்கவில்லை.

பாத்ரூமுக்கு அவர் செய்த சோதனையை எல்லோரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். முதலில் தரையில் இருக்கும் தண்ணீர் போகும் வாயைத் துணியும் பிளாஸ்டிக்கும் வைத்து இறுக்கமாக அடைத்தார். தரையில் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, சுவரில் மட்டத்தைக் குறித்து, இரண்டு நாள் யாரும் அந்தப் பாத்ரூமைப் பயன்படுத்தக் கூடாது என்றார். மட்டம் முக்கால் அங்குலம் இறங்கியது. பிறகு அதை வடியவிட்டு, ஒரு பக்கெட் தண்ணீரில் அரை பாட்டில் சொட்டு நீலத்தைக் கலந்து, அந்த வாய் வழியாகவே மெதுவாக ஊற்றினார். மூன்றாம் நாள் ஹால் சீலிங்கில், பைப் இறங்கும் இடத்தைச் சுற்றி, பழுப்பு வட்டத்துக்குள் இலேசான நீலம். தளத்திலும் கசிவு, பைப் இணைப்பிலும் கசிவு. டைல்ஸ் இடுக்கில் கிரவுட் போட்டதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அப்பா சொன்னதை மட்டும் வைத்து எழுதினால் "உங்க அப்பா கொத்தனார்தானே" என்று ஒதுக்கிவிடுவார்கள் என்று தோன்றியது. அவர் சொன்னதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் காகிதம் வேண்டும். ஜனவரியில் ஒரு தனியார் கட்டமைப்புப் பொறியாளரை வரவழைத்தோம். 9,500 ரூபாய் வாங்கினார், மூன்று மணி நேரம் பார்த்தார், போட்டோக்களோடு 11 பக்கம் எழுதிக் கொடுத்தார். இந்த இரண்டு வருடத்தில் நான் செய்த செலவிலேயே உருப்படியான செலவு இதுதான். சாவி வாங்குவதற்கு முன்பே இதைச் செய்திருக்க வேண்டும். 71 லட்சம் கொடுக்கும்போது 9,500 பெரிய தொகையாகத் தெரிந்தது.

அவர் ஒன்றை நியாயமாகப் பிரித்துச் சொன்னார், அதையும் எழுத வேண்டும். புது வீட்டில் முதல் வருடம் பூச்சு காய்ந்து சுருங்கும்போது முடி போன்ற விரிசல்கள் வரத்தான் செய்யும். அதற்குப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிப்பது சரியான வைத்தியமே. எங்கள் வீட்டிலும் அப்படி ஏழெட்டு இடம் இருந்தது, அடைத்த பிறகு திரும்ப வரவில்லை. அந்தப் புகார்களில் நிறுவனத்தைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஜன்னல் மூலையில் இருந்தது ஏடிஎம் கார்டின் விளிம்பு உள்ளே போகும் விரிசல். அடைத்த பிறகும் அதே கோட்டில் திறந்தது. அது பெயிண்டருடைய வேலையே இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

ஜனவரி 20-ஆம் தேதி அறிக்கையை இணைத்து மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டாம் நாளே பதில் வந்தது. இரண்டு விஷயம் சொல்லியிருந்தார்கள். ஒப்பந்தப்படி ஒரு வருடப் பராமரிப்புக் காலம் 2024 ஆகஸ்டில் முடிந்துவிட்டது. இரண்டாவது, உங்கள் 11 புகார்களும் உங்கள் ஓடிபியைப் பெற்றே முடிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு புகாருக்கும் தேதி, நேரம், நான் கொடுத்த நட்சத்திரம், எல்லாம் போட்டு ஒரு அட்டவணையும் வைத்திருந்தார்கள். பெயிண்ட் காய்வதற்குள் வாசலில் நின்றபடி நான் சொன்ன நாலு நாலு எண்கள், சரியான வேலை நடந்தது என்று நானே எழுதிக் கொடுத்த கையெழுத்தாக மாறியிருந்தன. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பொறியாளர்தான் சட்டத்தைக் காட்டினார். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம் 2016, பிரிவு 14, உட்பிரிவு 3. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டமைப்பில் குறை இருந்தாலும், வேலைத்தரத்திலோ பொருளின் தரத்திலோ குறை இருந்தாலும், அதை வாங்கியவர் தெரியப்படுத்தினால், கட்டியவர் 30 நாளில், கூடுதல் பணம் வாங்காமல், சரி செய்து கொடுக்க வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். எங்கள் சைட் போர்டிலேயே ரெரா பதிவு எண், அதாவது இந்தச் சட்டப்படி பதிவு செய்த எண், பெரிதாக எழுதியிருந்தது. ஒப்பந்தத்தில் ஒரு வருடம் என்று போட்டுக்கொண்டால் சட்டத்தின் ஐந்து வருடம் போய்விடாது. எனக்கு அது 2028 ஆகஸ்ட் வரைக்கும் இருக்கிறது. பேனலும் பட்டியும் இன்னும் நாலு வருடம் தாக்குப்பிடித்திருந்தால் அந்த நாளும் எனக்குத் தெரியாமலேயே கடந்திருக்கும். அப்பா அந்தச் சுவரில் கை வைக்காமல் இருந்திருந்தால் அப்படித்தான் ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது பயமாக இருக்கிறது.

பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு, பென்சில் கோடுகளோடு நான் எடுத்து வைத்திருந்த 63 போட்டோக்களையும் சேர்த்து மறுபடி அனுப்பினேன். அழித்த கோடுகள் சுவரில் இல்லாவிட்டாலும் போனில் இருந்தன, தேதியோடு. முதல் மின்னஞ்சல் அனுப்பிய 22-ஆம் நாள், பிப்ரவரி 11 காலையில், இதுவரை பார்த்திராத ஒரு டீம் வந்து இறங்கியது. ஒரு மேஸ்திரி, இரண்டு கொத்தனார்கள், இரண்டு சித்தாள்கள், ஒரு பிளம்பர், பிரேக்கர் மெஷின். அந்த வேற டீம் இருக்கத்தான் செய்தது.

படுக்கையறைச் சுவரை உடைத்தபோது நானும் அப்பாவும் பக்கத்தில் நின்றோம். ஜன்னலுக்கு மேல் சுவரைத் தாங்கிப் போகும் லிண்டல் இரண்டு பக்கமும் அரை அடியாவது சுவருக்குள் ஏறி உட்கார வேண்டும். வலது பக்கம் இரண்டு அங்குலம்தான் ஏறியிருந்தது. மேலே பிளாக் சுவரும் காங்கிரீட் பீமும் சேரும் இடத்தில் கோழிவலை அடித்துப் பூச வேண்டும், வலையே இல்லை. பீமுக்கும் கடைசி வரிசை பிளாக்குக்கும் நடுவே இருந்த இடைவெளியில் சிமெண்ட் மூட்டைக் காகிதத்தைச் சுருட்டித் திணித்து மேலே பூசியிருந்தார்கள். அப்பா அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். "இதை வெக்கறவனுக்குக் கை எப்படி வரும்" என்று மட்டும் சொன்னார். மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார், அவர் வைத்ததில்லை என்றாலும்.

பாத்ரூமில் டைல்ஸைப் பெயர்த்ததும் கீழே பள்ளமாக விட்டிருந்த தளத்தில் உடைந்த பிளாக்குகள், கலவைக் கட்டிகள், ஒரு உடைந்த பாண்டு. அவற்றுக்கு நடுவே மூன்று விரல் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. ஒன்றரை வருடமாக நாங்கள் குளித்த தண்ணீர். இரண்டு பக்கெட்டுக்கு மேல் அள்ளினார்கள். நீர்க்காப்புப் பூச்சு என்று விற்பனைக் கையேட்டில் போட்டிருந்ததற்கு அடையாளமே இல்லை.

இந்த முறை செய்த வேலையில் எனக்குக் குறை இல்லை. ஜன்னலைக் கழற்றி, முட்டுக் கொடுத்து, லிண்டலையே புதிதாகப் போட்டார்கள். இடைவெளியைக் கலவையால் கெட்டித்து, கோழிவலை அடித்து, பூசி, எட்டு நாள் தண்ணீர் விட்டார்கள். பாத்ரூம் பள்ளத்தைச் சுத்தமாகக் காலி செய்து, பைப் இணைப்பை மாற்றி, நீர்க்காப்பைத் தளத்திலும் சுவரில் ஓர் அடி உயரத்துக்கும் கொடுத்து, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே 72 மணி நேரம் தண்ணீர் கட்டிக் காட்டினார்கள். மட்டம் இறங்கவில்லை. மொத்தம் 26 நாள். வீடெல்லாம் தூசி, நாங்கள் கீழே ஒரே அறையில் இருந்தோம், அப்பா தினமும் மேஸ்திரியோடு நின்றார். அந்த மேஸ்திரி அவரை ஐயா என்றுதான் கூப்பிட்டார், கலவை போடும்போது அவரைக் கேட்டுத்தான் போட்டார். இவர்களுக்கு வேலை தெரிகிறது. முதல் புகாரிலேயே இவர்களை அனுப்பியிருந்தால் நான் கொடுத்த ஐந்து நட்சத்திரமும் அப்படியே இருந்திருக்கும். இதை நிறுவனத்தார் படித்தால் இந்த வரியைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடைசி நாள் மேஸ்திரி தயங்கித் தயங்கி ஓடிபி கேட்டார். அவர் மேல் தப்பில்லை, அது இல்லாமல் அவருக்கு வேலை முடிந்த கணக்கு வராது. பத்து நாள் கழித்துத் தருகிறேன் என்றேன். ஒத்துக்கொண்டார். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். ஈரச் சுவரில் ஓடிபி கொடுக்காதீர்கள். ஆள் வருவதற்கு முன்பு போட்டோ எடுங்கள், பூச்சை உடைத்தால் உடைத்த நிலையில் எடுங்கள், என்ன காரணம் என்று கண்டுபிடித்தார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். காரணம் எழுதித் தர முடியாதவரைப் பெயிண்ட் டப்பாவைத் திறக்க விடாதீர்கள். ஆப்பில் போட்டாலும் அதையே மின்னஞ்சலிலும் அனுப்பி வையுங்கள். ஆப் அவர்களுடையது, மின்னஞ்சல் உங்களிடமும் இருக்கும்.

வடக்குச் சுவர் மட்டும் இன்னும் அப்படியே நிற்கிறது. அதைச் சரி செய்ய வேண்டுமானால் வரிசையில் இருக்கும் 21 வீட்டு முன்னாலும் பேவர் கல்லைப் பெயர்த்து மட்டத்தைக் குறைக்க வேண்டும், வடிகால் விட வேண்டும். ஒரு வீட்டுக்குச் செய்தால் எல்லோரும் கேட்பார்கள் என்று சைட் இன்ஜினியரே சொன்னார். எல்லோரும் கேட்கத்தான் வேண்டும். வரிசையில் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்த்தேன், ஒன்பது வீட்டில் அதே தேக்கு நிறப் பேனல் இருக்கிறது. மூன்று வீட்டில் எடுத்துப் பார்த்தோம், மூன்றிலும் அதே பூசணம். ஒரு வீட்டம்மா, எண்பது வயது இருக்கும், பேனலை எடுக்கவே விடவில்லை. பிள்ளை வெளிநாட்டிலிருந்து ஆசையாகப் போட்டுக் கொடுத்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஏப்ரலில் ஏழு வீட்டுக்காரர்கள் தனித்தனியாகத் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் மனு போட்டோம். என்ன ஆகிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.

மதிப்பீடு கேட்பவர்களுக்கு: வீட்டின் வயரிங், கதவு, ஆவண வேலைக்கு 5-க்கு 4. சட்டப் பிரிவைக் காட்டிய பிறகு வந்த டீமின் வேலைக்கும் 4. அதற்கு முன் ஒரு வருடம் நடந்த பழுதுபார்ப்பு சேவைக்கு 1, அதுவும் அந்தப் பெயிண்டர் தம்பி பெருக்கிவிட்டுப் போனதற்காக.

ஹால் சீலிங்கில் அந்த இடத்தை இன்னும் வெள்ளையடிக்க விடவில்லை. பழுப்பு வட்டம், உள்ளே மங்கிய நீலம், சுற்றிலும் அப்பா போட்ட பென்சில் கோடு, தேதி 14.3.2025. வருகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். பெயிண்டர் தம்பி இரண்டு முறை போன் செய்துவிட்டார், புகார் இன்னும் பச்சை ஆகவில்லை என்று. ஐப்பசி, கார்த்திகை மழை முடியட்டும், கோட்டைத் தாண்டவில்லை என்றால் மார்கழியில் வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.